நீதிமன்றப் புல்வெளியில் இருந்த குடில்

இண்டியானாவில் வேலன் ஃபோர்க் என்ற சின்ன ஊர். அங்குள்ள கவுண்டி, அதாவது மாவட்ட, நீதிமன்றத்தில் வில்மா ஸ்டக்கி இருபத்தாறு வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறாள். பனி தள்ளுவது, கொதிகலனைத் திட்டிக்கொண்டே ஓடவைப்பது, கழிப்பறைக் குழாயைச் சரிசெய்வது எல்லாம் அவள்தான். நவம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ் குடிலை அடித்தளத்திலிருந்து தூக்கிவந்து வாசல் புல்வெளியில் வைப்பதும் அவள்தான். யோசேப்பு பொம்மையின் மூக்கு உடைந்தபோது, காரில் பள்ளம் அடைக்கும் பசையை வைத்து ஒட்டினாள். மூக்கு முன்பைவிட எடுப்பாகவே அமைந்துவிட்டது.

அந்த வருடம் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அரசாங்க நிலத்தில் ஒரு மதத்தின் சின்னத்தை வைக்கக் கூடாது. ஊர்க்காரர் ஒருவரே புகார் கொடுத்திருக்கிறார். பெயர் சொல்ல முடியாது. ஊரே கொதித்தது. வில்மாவும் கொதித்தாள். யாரோ வெளியூரிலிருந்து வந்த சாமி நம்பிக்கை இல்லாதவன் என்று முடிவுகட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தம்பி லீலண்ட் சாப்பிட வந்திருந்தான். பாப்டிஸ்ட் சபையில் டீக்கன், ஊழியத்துக்குத் துணைநிற்கும் பொறுப்பாளர். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொன்னால் குழம்பு ஆறிப்போகும், அவ்வளவு பக்தி. அவள் சுட்ட ஆப்பிள் பலகாரத்தில் பாதி தின்றபிறகு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"வில்மா, அந்தப் புகார் கொடுத்தது நான்தான்."

வில்மா அவன் முன்னாலிருந்த தட்டை எடுத்தாள்.

"ஏய், இன்னும் முடிக்கல!"

"முடிஞ்சிருச்சு. டேய், உனக்கென்ன பைத்தியமா? சபைல டீக்கன்னு சொல்லிக்கிட்டுத் திரியுற!"

"அதனாலதான் கொடுத்தேன். குடிலைக் கவர்மென்ட் கையில கொடுத்தா, அவன் சொல்ற இடத்துலதான் ஏசு படுக்கணும். நீயே பாரு."

"போடா, நீயும் உன் வியாக்கியானமும்!"

மறுநாளே பார்த்தாள். கவுண்டி வக்கீல் பிரெண்டன் ஷூல்ட்ஸ், பளபளக்கும் காலணியோடு புல்வெளிக்கு வந்தார். கையில் அளவு டேப். குடிலைச் சுற்றி மதமில்லாத அலங்காரம் போதுமான அளவு இருந்தால் வழக்கு நிற்காது என்பது அவர் கணக்கு. வில்மா ஊரெல்லாம் கேட்டு வாங்கிவந்தாள்: இரண்டு சாண்டா, ஐந்து கலைமான், காற்றடைத்த பனிமனிதன் ஒன்று.

"வில்மா, நட்சத்திரம் சாண்டாவைவிட உசரமா இருக்கு. கொஞ்சம் இறக்குங்க."

இறக்கினாள்.

"குழந்தையைக் கொஞ்சம் ஓரமா வைங்க. நடுவுல இருந்தா மதம். ஓரத்துல இருந்தா அலங்காரம்."

வில்மா குழந்தையைக் கையில் எடுத்தாள். கீழே வைக்கவில்லை. தம்பி சொன்னது சரியாகப் போயிற்றே என்று அவளுக்கு அப்படி ஒரு எரிச்சல்.

செவ்வாய்க்கிழமை, கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, குடிலை எதிர்ச்சாரியில் இருக்கும் தன் மெதடிஸ்ட் சபைக்கே கொடுத்துவிடும்படி கேட்டாள்.

"பயந்துட்டியா வில்மா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பயம் இல்ல. மரியாளுக்கு டேப் வச்சு அளக்குறதப் பார்க்க வெக்கமா இருக்கு."

மூன்று கமிஷனர்களும் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள். தலைவலி விட்டது என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது.

சனிக்கிழமை லீலண்ட் தன் டிரக்கோடு வந்தான். யோசேப்பை முன் இருக்கையில் உட்காரவைத்துப் பெல்ட் போட்டான். சாலையைக் கடக்க அரை நிமிடம். சாண்டாக்களும் கலைமான்களும் மட்டும் நீதிமன்ற வாசலிலேயே நின்றன. வேலை முடிந்ததும் வில்மா அவனுக்கு ஒரு முழு ஆப்பிள் பலகாரம் கொடுத்தாள். மன்னிப்பு கேட்கவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

சபை நிலத்தில் யாரும் அளக்க வரமாட்டார்கள் என்றதும் ஆளாளுக்கு உற்சாகம். ஒருவர் இரண்டு ஆடு கொண்டுவந்தார், இன்னொருவர் நிஜக் கழுதையே கொண்டுவந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு சாலையைத் தாண்டி, நீதிமன்றக் கதவில் தொங்கிய பச்சை மாலையைச் சாவகாசமாக மேய்ந்தது. வில்மா துடைப்பத்தோடு ஓடினாள்.

மாடி ஜன்னல் திறந்தது. ஷூல்ட்ஸ் தலையை நீட்டினார்.

"வில்மா! அது குடில்ல இருந்த கழுதையா? கவர்மென்ட் நிலத்துல நிக்குதே!"

"சாண்டா பக்கத்துலதான் சார் நிக்குது," என்றாள் வில்மா, மூச்சிரைக்க. "இப்ப அது அலங்காரம்!"