நைனாவுக்கு ஒரு விண்ணப்பம்

கடவுளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு மனிதருக்கு நான் தமிழ் எழுதிக் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்காமல், மழையில் நனைந்துவிடக் கூடாதே என்று அதை லேமினேட்டும் செய்தேன். ஐம்பத்திரண்டு வருஷங்களில் நான் செய்த முட்டாள்தனங்களைப் பெரியது, நடுத்தரம், சில்லறை என்று மனசுக்குள் பிரித்து வைத்திருக்கிறேன். பெரியவற்றில் பளபளவென்று இருப்பது இது ஒன்றுதான். ஏ-ஃபோர் தாள். கொட்டை எழுத்தில் 'நிறைவு ஜெபம்' என்று தலைப்பு. நான் கேட்காமலேயே கடைக்காரர் நான்கு மூலைகளையும் வளைத்து வெட்டிக் கொடுத்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்தால் அதில் முகம் தெரியும். அன்றைக்குத் தெரிந்த என் முகம் மிகவும் திருப்தியாக இருந்தது.

அவர் எங்கள் சபையின் கோயில்பிள்ளை. கன்னடம் பேசுகிற இந்த ஊரில், காக்ஸ் டவுன் பக்கம் இருக்கிற பழைய தமிழ்க் கிறிஸ்தவக் கோயில் எங்களுடையது. கதவு திறப்பது, மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, புறா எச்சத்தைச் சுரண்டுவது, கல்யாணத்துக்குக் கம்பளம் விரிப்பது, சாவு வந்தால் அதைச் சுருட்டி வைப்பது எல்லாம் அவர் வேலை. ஜீவனஹள்ளியில் ஒன்றரை அறை வீடு. விடிகிற நேரத்தில் நடந்தே வந்துவிடுவார். முப்பது வருஷமாக ஊரே கோயில்பிள்ளை என்று கூப்பிட்டதில், அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. பிள்ளை என்றால் வேலையாள் என்றே நான் அர்த்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது, தமிழ் தெரிந்தவன் என்று சபையில் பெயர் வாங்கியிருந்த எனக்குத் தோன்றவே இல்லை.

நான் அந்தச் சபையின் செயலாளன். பிழைப்பு பொம்மசந்திராவில், ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில். அங்கே அறிவிப்புப் பலகைகளுக்கு வாசகம் எழுதுகிறேன். 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது', 'அடையாள அட்டை இல்லாதவர்கள் வாசலில் காத்திருக்கவும்.' தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மனிதர்களை வெளியே நிறுத்துவதில் எனக்கு நீண்ட அனுபவம். அது போதாதென்று சபைப் பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரையும் எழுதுவேன். அதைத் தவறாமல் படித்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் அச்சுப் பிழை பார்க்கிறவர்.

கோயில்பிள்ளை ஜெபம் செய்ததை நான் முதன்முதலில் கேட்டது தற்செயலாக. முந்தின நாள் கூட்டத்தில் மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடியை எடுக்க, என்னிடம் இருந்த சாவியால் முன்கதவைத் திறந்துகொண்டு விடிகாலையில் போயிருந்தேன். பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு அவர் உள்ளே நுழைந்தார். நான் தூணுக்குப் பின்னால் இருந்ததைக் கவனிக்கவில்லை.

"நைனா, நான்தான். கதவத் தெறந்துட்டேன்."

உள்ளே யாரோ வயதானவர் படுத்திருக்கிறார் போலிருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பங்கள் சிலவற்றில் அப்பாவை நைனா என்பார்கள். துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிக்கொண்டே அவர் பேச்சைத் தொடர்ந்தார்.

"நேத்து கோவமாப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத. அந்தப் புறாவுங்க ஒன்னோட படைப்புதான், ஒத்துக்கறேன். ஆனா ஸ்வல்ப அடக்கி வை நைனா, என்னால சொரண்டி முடியல. மூணாவது பெஞ்சு டீச்சரம்மாவுக்கு முட்டி வலி, பாத்துக்கோ. அப்பறம், ஒங்கூடப் பேசறதுக்கு எதுக்கு இவங்க மைக்கு வெக்கறாங்க? ஒனக்குக் காது கேக்கலன்னு நெனச்சுட்டாங்களா?"

நடுநடுவே நிறுத்துவார். பதில் வருவதற்கு இடம் விடுவது போல இருக்கும். ஒரு தடவை "அது சரி" என்று தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வெளியே வந்து, வீட்டில் அதை அப்படியே நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், ஒரு மிமிக்ரி.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் அரசாங்க அலுவலகத்தில் ஒரு பிரிவுக்கு மேலாளர். வீட்டையும் அதே ஒழுங்கில் நடத்தினார். எது வேண்டுமானாலும் எழுத்தில் கேட்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் சைக்கிள் வேண்டும் என்று 'உயர்திரு அப்பா அவர்களுக்கு' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பித் தந்தார். சுத்தப் பிரதி எடுத்து மறுபடியும் கொடுத்தேன். சைக்கிள் வந்தது, அதை மறைக்கக் கூடாது. அவர் கெட்டவர் அல்ல. ஆனால் அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அவர் தோளில் நான் கை வைத்ததே இல்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, எங்களுக்கு நடுவே ஒரு மேஜை இருப்பது போலத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அதனால் பரமபிதா என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு முதலில் தெரிவது மேஜைதான். சிலுவை மரணத்தின்போதே கடவுளை மறைத்திருந்த கோயில் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்துவிட்டது, இனி எவரும் தயங்காமல் நேரே தகப்பனிடம் போகலாம் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். நானே அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுத, நன்றாக இருக்கிறது என்று அச்சுப் பிழை பார்க்கிறவர் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டு, மனசுக்குள் வெளி வராந்தாவில் ஒரு பெஞ்சைப் போட்டு, என் முறை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பேச வந்தபோதெல்லாம் 'தேவரீர்' என்று தொடங்கி, 'கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்தேன். கையெழுத்துப் போடாததுதான் குறை.

சபையின் ஆண்டு விழா வந்தது. முப்பது வருஷம் உழைத்தவர், நிறைவு ஜெபத்தை அவரே செய்யட்டும் என்று ஆயர் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. பேராயர் வருகிறார், வெளியூர் விருந்தினர்கள் வருகிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள். அத்தனை பேருக்கு முன்னால் இவர் மைக்கைப் பிடித்து "நைனா" என்றால்? இரண்டு இரவு கண்விழித்து எழுதி, மேலே சொன்ன தாளைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் மெழுகுவர்த்தித் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்னா சார்?"

"ஜெபம்ணா. ஞாயித்துக்கெழமைக்கு."

"யாருக்கு?"

"யாருக்கா? ஆண்டவருக்குத்தான்."

"அவருக்கு எதுக்கு சார் எழுத்துல?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். விடாமல் விளக்கினேன். நைனா, வா, போ எல்லாம் வீட்டோடு இருக்கட்டும், சபையில் நாலு பேருக்கு முன்னால் பேச ஒரு முறை இருக்கிறது என்றேன். அவர் சிரிப்பு நின்றது. கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

"நான் மரியாத இல்லாமயா சார் பேசிட்டு இருந்தேன்?"

"அப்படிச் சொல்லலணா..."

"ஹௌதா? அப்படியா சார்? இத்தன வருசமா அவருக்கு மனசு கஷ்டமா இருந்திருக்குமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு அந்த வார்த்தை தெரியும், மூன்று மொழியிலும் தெரியும். நான் சொன்னது இது: "நாமதான்ணா பாத்துப் பேசணும்."

ஞாயிற்றுக்கிழமை அவர் தடுமாறியிருந்தால்கூட இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். தடுமாறவில்லை. ஒரு வாரம் மனப்பாடம் செய்து, 'சர்வலோகத்தையும் சிருஷ்டித்துப் பரிபாலித்து வருகிற' என்று ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். பேராயர் அழகான தமிழ் என்று பாராட்டினார். நாலைந்து பேர் என் கையைக் குலுக்கினார்கள். அவரைப் பார்த்தேன், கடைசி பெஞ்சில் போய், விருந்தாளி போல ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டுப் பிள்ளை அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில் போனேன். பக்கத்துக் கதவு திறந்தது. துடைப்பச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"என்னாணா, பேச்சே காணோம்?"

"கத்துக்கிட்டு இருக்கேன் சார்" என்றார். பிறகு தயங்கி, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். "சார், ஒண்ணு எழுதித் தரணும். சந்தாபுராவுல குடுத்திருக்கறனே பொண்ணு, அவளுக்கு ரெண்டு தடவ கலைஞ்சு போச்சு. அவருகிட்டச் சொல்லணும். முன்ன மாதிரி சொன்னா நல்லா இருக்காது. நீங்க எழுதிட்டா மனப்பாடம் பண்ணிக்கறேன்."

'நீங்களே கேளுங்கணா, உங்க நைனாதானே' என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ பெருமையாக இருந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுகிறவருக்கு நல்ல கிராக்கி வந்தால் இருக்கும் பெருமை. எழுதுகிறேன் என்றேன். முப்பது வருஷமாகக் கேட்காமல் உள்ளே போய் வந்துகொண்டிருந்த மனிதரை வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டேன். கிழிந்த திரையை ஊசி நூல் வாங்கித் தைத்துக் கொடுத்தவன் நான்.

அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. தொழிற்சாலையில் தணிக்கை வந்தது. தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று மூன்று மொழியில் எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அவர் வாசலில் நிற்பார். "ரெடியா சார்?" "அடுத்த வாரம்ணா." கடைசி ஞாயிறு அவர் கேட்கவில்லை, பார்த்தார். நான் வராத போன் காலுக்கு ஹலோ சொல்லிக்கொண்டே காருக்கு நடந்தேன். அந்த வாரம், மழை பெய்த ஒரு காலையில், பக்கத்துக் கதவருகே சாவிக்கொத்தோடு விழுந்து கிடந்தவரை ஆயர்தான் பார்த்தார். அடக்கத்துக்கு மணி அடிக்க ஆள் இல்லை. அடிக்கிறவருக்காகத்தான் அடிக்க வேண்டியிருந்தது. யாரோ அடித்தார்கள், தாளம் தப்பி.

அவர் வீட்டுக்குப் போக எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. போன மாதம்தான் போனேன். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அறையின் நடுவில் தூளி தொங்கியது. மகள் கடைக்குப் போயிருக்கிறாள் என்றார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்த வாக்கியங்களை விட்டுவிட்டு நேரே சொன்னேன்.

"அக்கா, அவரு ஒண்ணு எழுதித் தரச் சொன்னாரு. நான் தரல."

"தெரியும் சார். அதுக்குத்தான் காத்துட்டு இருந்தாரு. நீயே கேளேன்யான்னேன். மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல, செக்ரெட்ரி சார் எழுதிடட்டும்னாரு." தூளியை லேசாக ஆட்டினார். "அவரு போனப்போ பொண்ணு வயித்துல இது ரெண்டு மாசம் சார். அவளுக்கே தெரியாது. நீங்க எழுதறதுக்குள்ள புள்ளயே வந்துடுச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வாசலில் நின்று "ரெடியா சார்" என்று கேட்டுக்கொண்டிருந்த கடைசி வாரங்களிலேயே கேட்டது கிடைத்துவிட்டிருந்தது. மனு எழுதுகிறவன் மட்டும்தான் பாக்கி. அவர் எப்போதிலிருந்து நைனா என்று கூப்பிட்டார் என்று ஏதோ கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டேன்.

"அவங்க நைனாவ அவரு பாத்ததே இல்ல சார். கைக்கொழந்தையா இருக்கசொல்ல வுட்டுட்டுப் போன ஆளு. அந்த வார்த்தைய வேற யாரையும் கூப்பிட்டதில்ல."

கூப்பிடுவதற்கு ஒரே ஒருவர் இருந்தார். அவரையும் நான் 'தேவரீர்' ஆக்கிவிட்டேன். அந்தக் கடைசி மாதங்களில் அவர் பேசாமல் பெருக்கியதையும் அந்தத் தகப்பன் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன். மகன் வாய் திறக்காவிட்டாலும் அவன் உள்ளே வந்தது தகப்பனுக்குத் தெரியாமல் இருக்காது. இதைக் கொள்கையாக முன்பே அறிவேன். இப்போது எனக்கு இது உண்மையாக இருந்தே ஆக வேண்டும்.

எழுந்தபோது, "ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க சார்" என்றார். சபையிலிருந்து யார் வந்தாலும் கேட்கிற வழக்கம்தான். கண்ணை மூடினேன். 'சர்வலோகத்தையும்' என்று நாக்கு தானாகக் கிளம்பியது, பிடித்து நிறுத்தினேன். பிறகு "நைனா" என்றேன். "நான்தான்." அதற்கு மேல் என்னவோ இரண்டு வரி சொன்னேன், அதில் ஒன்று மன்னிப்பு. முகம் நனைந்திருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போய், மின்விசிறி நின்று, குழந்தை வீறிட்டது. அவர் மனைவி அலமாரி மேலிருந்து பளபளவென்று எதையோ எடுத்துத் தூளிக்கு மேல் வீச ஆரம்பித்தார். வளைத்து வெட்டிய மூலைகள். 'நிறைவு ஜெபம்' குழந்தையின் முகத்துக்கு மேல் போய்ப் போய் வந்தது. குழந்தை அடங்கியது. அவர் வீசிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அவரு மாதிரி பேச ஒங்களுக்கு வரல சார். நீங்க எழுதிட்டே இருங்க. அதுல காத்தாவது வருது."