பின்காற்று

அந்த மோட்டார் சைக்கிள் முதல் தடவை நடுரோட்டில் நின்றபோது எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். பயம் வருவதற்கு வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டும் நேரமாகும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. செவ்வாய்ப்பேட்டையில் ஆயில் என்ஜின் பம்புசெட் விற்கும் கடையில் எனக்கு வேலை. கிணற்று மேட்டில் என்ஜினைப் பூட்டிக் கொடுப்பேன். ஓடாமல் போனால் போய்ப் பார்ப்பேன். ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று தோட்டம் தோட்டமாக அலைச்சல். பஸ்ஸுக்குக் காத்திருந்தே என் ஆயுளில் பாதி போகிறது என்று போகிற இடமெல்லாம் புலம்புவேன். அந்தப் புலம்பலைக் கேட்டுத்தான், திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே இருந்த ஒரு தோட்டத்துப் பெரியவர், இறந்துபோன தன் மகனுடைய வண்டியை எனக்குக் கொடுத்தார்.

மகன் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆடி மாதத்து உச்சிவெயிலில் ராசிபுரம் போகிறேன் என்று கிளம்பியவன், மூன்று மைல் தாண்டி ஒரு கல்பாலத்தருகே கிடந்தான். வண்டி தள்ளிக் கிடந்தது. சாலை நேர்ச்சாலை. குழியில்லை, எதிரே லாரி வந்த தடமில்லை, குறுக்கே மாடு வந்ததாகவும் யாரும் சொல்லவில்லை. காரணம் தெரியாத சாவுக்கு ஊர் ஒரு காரணம் வைத்திருக்குமே, அதை வைத்துவிட்டது. பையன் சாராயம் குடித்திருந்தானாம்.

"நீங்க என்ஜின் தெரிஞ்சவரு சாமி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்று பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல ரோட்டுல, பட்டப்பகல்ல, ஒருத்தன் எப்படீங்க கீழ உழுவான்? என்ற பையன் மோரத் தவுர ஒண்ணையும் தொட்டதில்லீங்க. அவங்கம்மா ஊர் பேச்சுக்குப் பயந்துக்கிட்டு ஊட்ட உட்டு வெளிய வாரதே இல்ல."

எனக்குத் தெரியவில்லை என்றேன். அதற்குப் பிறகு எப்போது போனாலும் அதே கேள்வியைக் கேட்பார். அதற்குப் பதில் தெரிந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்கிற முகம்.

வண்டியைக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். என்ஜினுக்கு முன்னால் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி ஒரு மறைப்புப் பூட்டியிருந்தார். தன் கையாலேயே வெட்டி, விளிம்பு மடித்து, நான்கு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்கியது. அந்தப் பக்கத்தில் வேர்த்த மாட்டை ஆடிக் காற்றில் கட்டமாட்டார்கள். சாக்கைப் போர்த்தி, மறைவான இடத்தில்தான் கட்டுவார்கள். ஓடிச் சூடான என்ஜினும் அவருக்கு வேர்த்த மாடுதான். காற்றில் வருகிற செம்மண் புழுதி வேறு அதன்மேல் அப்பிக்கொள்கிறதே என்று வருத்தப்பட்டிருக்கிறார்.

"இத மட்டும் கழட்டிப் போட்றாதீங்க" என்றார். "அவனுக்குன்னு நான் செஞ்சதுங்க."

நான் தலையாட்டினேன். என் தொழிலே என்ஜின்தான். ஆனால் நான் பார்த்ததெல்லாம் கிணற்றுத் தண்ணீரில் குளிரும் என்ஜின். தண்ணீர் வெளியே வரும் குழாயில் விரலை வைத்துப் பார்த்தே உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்லிவிடுவேன். மோட்டார் சைக்கிளுக்குத் தண்ணீர் கிடையாது, சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் இரும்புத் தகடுகளின் நடுவே காற்றுப் புகுந்து போனால்தான் குளிரும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? பத்து மாதம் அந்தத் தகரத்தைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு ஓட்டினேன். மூளையைக் கடையில் அடகு வைத்திருந்தேன் போலிருக்கிறது.

ஆடி பிறந்தது. ஒருநாள் காலை திருச்செங்கோட்டுக்குப் போனேன். மேற்கே பார்த்து ஓட்ட வேண்டும். காற்று முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. வண்டி என்னவோ குதிரையாக ஓடியது. வேலை முடித்து உச்சிவேளையில் கிழக்கே திரும்பினேன்.

பெரியவர் தோட்டத்தைத் தாண்டியதும் சாலை லேசான ஏற்றத்தில் நேராகப் போகும். இருபக்கமும் பனை. ஆள் நடமாட்டம் கிடையாது. அந்த ஏற்றத்தில் ஏறிய கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒன்று மாறிவிட்டது. என்னவென்று உடனே புரியவில்லை. பனையோலைகள் கிழக்கே பார்த்துப் படபடவென்று அடித்துக்கொண்டன. சோளத்தட்டு சாய்ந்து கிடந்தது. ஆனால் என்மேல் காற்றே இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கிறது. அடைத்த அறைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. என்ஜின் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சுப்பிசிறு நின்றது. பறக்கவில்லை, பின்தங்கவும் இல்லை. நான் போக, அது என்கூடவே வந்தது.

பிறகு வண்டி கனத்தது. பின் ஸீட்டில் யாரோ ஏறி உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. நான் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. என்ஜினுக்குள் கிணுகிணுவென்று ஒரு சத்தம் எழுந்தது. அடுத்த நொடி பின்சக்கரம் கிறீச்சிட்டு இழுத்தது. என் இடது கை விரல் இரண்டும் எப்போதும் கிளட்ச்சின்மேலேயே இருக்கும். கடையில் அதற்காக என்னைக் கேலி செய்யாதவன் கிடையாது. அந்தப் பயந்தாங்கொள்ளிப் பழக்கம்தான் அன்று கிளட்ச்சைப் பிடித்தது. வண்டி தள்ளாடிக்கொண்டு போய் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் கல்பாலம்.

ஆயில் இருந்தது. பெட்ரோல் இருந்தது. வாய்க்கு வந்தபடி வண்டியைத் திட்டிவிட்டுப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தேன். சூடான இரும்பு ஆறும்போது டிக், டிக் என்று சத்தம் போடும். விரல் சொடுக்குவதுபோல் விட்டுவிட்டுக் கேட்டது. அப்போதுதான் பார்த்தேன், பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் இடதுபக்க மிதி, மடங்கிக் கிடந்தது, இப்போது கீழே இறங்கியிருந்தது. அரைமணி கழித்து உதைத்தேன். ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி கிளம்பியது.

அடுத்த வாரமும் அதே இடம், அதே உச்சிவேளை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்று தடவையும் பஞ்சோ சருகோ ஏதோ ஒன்று என்கூட வந்தது. மூன்று தடவையும் பின்மிதி கீழே இறங்கியிருந்தது. மூன்றாம் தடவை நான் திட்டவில்லை. வீடு வரும்வரை பின்னால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன்.

"நாளைக்கே மாதா கோயில் சாமியார்கிட்ட சொல்லி அந்தப் பையன் ஆத்துமாவுக்கு ஒரு பூசை வைங்க" என்றாள்.

"அவன் இந்துப் பையன்."

"செத்த பெறகு ஆத்துமா என்ன சாதி? அதுக்கு எளப்பாற்றி வேணும். அதான் உங்க பின்னால ஏறி உக்காருது."

பூசை வைத்தோம். ஹேண்டில்பாரில் மாதா சுரூபம் கட்டினாள். எனக்கு அவமானமாகவும் இருந்தது, கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது. ஆனால் இரும்புக்கும் ஒரு வைத்தியம் பார்த்துவிடலாம் என்று பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். சிலிண்டரைத் தூக்கியவன் பிஸ்டனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினான். அதன்மேல் நகத்தால் பிறாண்டினதுபோல் கோடுகள்.

"சூட்டுல பெருத்து, சிலிண்டர்ல போய்ப் பிடிச்சிருக்குதுங்க. இது உங்க கோடு, புதுசு. இங்க பாருங்க, கரியேறிப் போயி ஒரு பழைய கோடு. இதுக்கு முன்னாடி ஒருதரம் நல்லா இறுகப் பிடிச்சிருக்குது. அப்ப ஓட்டுனவரு ஆளு பொழைச்சாரா?"

பிஸ்டனை அவன் கையிலிருந்து வாங்கி அந்தப் பழைய கோட்டை விரலால் தடவினேன்.

கோட்டைத் தேய்த்துப் பூட்டிக் கொடுத்தான். மறுபடி அதே சாலையில், அதே நேரத்தில், வேண்டுமென்றே போனேன். ஏற்றத்தில் அந்த அடைத்த அறை வந்தது. இந்தத் தடவை என் வண்டியின் புகையே முன்னால் வந்து என் முகத்தைச் சூழ்ந்து நின்றது. அதைப் பார்த்ததும்தான் மண்டையில் உறைத்தது. காற்று எனக்குப் பின்னாலிருந்து, என் வேகத்துக்கே, என்கூடவே வருகிறது. அதனால்தான் பஞ்சு நகரவில்லை. அதனால்தான் என்மேல் காற்று இல்லை. என்மேல் இல்லாத காற்று என்ஜின்மேல் மட்டும் எப்படி இருக்கும்? கனத்தது ஆளில்லை. சூட்டில் பிஸ்டன் இறுகத் தொடங்கியிருக்கிறது.

கிளட்ச்சைப் பிடித்து நிறுத்தினேன். சிலிண்டரின் பின்பக்கத்தில் எச்சிலைத் தொட்டு வைத்தேன், கொதித்தது. முன்பக்கத்தில் தகரத்துக்கு அடியில் விரலை விட்டு வைத்தேன், தொட்டவுடனே சுர்ரென்று காணாமல் போயிற்று. முன்பக்கமல்லவா ஆறியிருக்க வேண்டும்? தகரத்தைக் கழற்றினேன். அதன் உட்பக்கம் வெந்து நீலம் பாய்ந்திருந்தது. எதிர்காற்றிலாவது சந்துபொந்தில் கொஞ்சம் புகுந்துகொண்டிருந்தது. பின்காற்றில் அந்தத் தகரம் மிச்சமிருந்த மூச்சையும் அடைத்துவிட்டது.

தகரம் இல்லாமல் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. பின்மிதி மட்டும் பாலத்தருகே போகும்போதெல்லாம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். நான் அதை மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

பெரியவருடைய கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருந்தது. பையன் குடிக்கவில்லை. ஆனால் அவனைக் கொன்ற தகரத்தை வெட்டியது யார் என்பதும் அதே பதிலுக்குள்தான் இருந்தது. மூன்று மைலும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியை விழுங்கிவிட்டேன்.

"பையன் குடிக்கலீங்க ஐயா. காத்துதான். பின்காத்து அடிச்சா அந்த என்ஜின் சூடேறிப் பிடிச்சுக்குது. சக்கரம் சுத்தாம நின்னுபோச்சு. யாரா இருந்தாலும் விழுந்திருப்பாங்க. மெக்கானிக் கோட்டைக் காட்டுனாருங்க."

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வீட்டைப் பார்த்துக் கத்தினார். "ஏ புள்ள... கேட்டியா? காத்தாம்! என்ற பையன் குடிக்கலையாம்! காத்தாம்!" இரண்டு வருடமாக வெளியே வராத அந்த அம்மாள் வாசலுக்கு வந்து, வெயிலில் கண் கூச, என்னைப் பார்த்துக் கைகூப்பினார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

அதன் பிறகுதான் அவர் வண்டியைப் பார்த்தார். "தகரம் எங்கீங்க?"

"ரோட்டுல கழன்று விழுந்திருச்சுங்க" என்றேன். நான்கு திருகாணி போட்ட தகரம்.

அடுத்த தடவை போனபோது எனக்காக ஒன்று தயாராக இருந்தது. புதுத் தகரம். முந்தியதைவிட அகலம், இரண்டு மடிப்புக் கனம்.

"காத்துதான் கொன்னுச்சுன்னு சொன்னீங்களே சாமி. அதான் நல்லா அகலமா வெட்டியிருக்கறேன். இனி உங்கள அண்டாது" என்று சொல்லி, குனிந்து தானே பூட்டிவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் கத்துகிற வாய் அன்று ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து ஒரு வருடம் இந்தக் கூத்து நடந்தது. போகும்போது கல்பாலத்தில் நிறுத்தித் தகரத்தைப் பூட்டுவேன். திரும்பும்போது தோட்டத்து வளைவு தாண்டியதும் கழற்றிப் பைக்குள் போடுவேன். அவர் கண்ணில் படவேண்டும் என்பதற்காக மட்டும் அந்த வேலை. தானாக நின்ற இடத்தில் இப்போது நானாக நிறுத்தினேன். அங்கே உட்கார்ந்து திருகாணி முடுக்கும்போதெல்லாம் யாரோ நின்று பார்ப்பதுபோலவே இருக்கும். தலையைத் தூக்கமாட்டேன்.

ஆடி அமாவாசையன்று தலையைத் தூக்கினேன். உண்மையாகவே ஆள் நின்றார். பெரியவர்தான். மேற்கேயிருந்து நடந்தே வந்திருக்கிறார். காற்றிரைச்சலில் எனக்குக் காலடிச் சத்தம் கேட்கவில்லை. கையில் ஒரு தூக்குப்போசி, மடித்த வாழையிலை. என் வாயில் இரண்டு திருகாணி, கையில் தகரம்.

"இங்க வந்துதான் பூட்டுவீங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"எத்தன நாளா?"

"நீங்க கொடுத்ததுலேர்ந்துங்க."

அவர் கோபப்படவில்லை. என்ஜினுக்கு முன்னால் குனிந்து உள்ளங்கையை நீட்டினார். மேல்காற்று அவர் விரல்களுக்கு நடுவே புகுந்து இரும்பின்மேல் போயிற்று. பிறகு சொன்னார்.

"அன்னைக்குக் கெளம்பறப்ப கேட்டானுங்க. அப்பா, இந்தத் தகரம் வேண்டாம், கழட்டிப் போடட்டுமான்னு. நாந்தான் கழட்டாதேன்னேன்."

"ஐயா, அது காத்துதாங்க..." என்று ஏதோ உளறினேன்.

அவர் காதில் வாங்கவில்லை. பாலத்துச் சுவரோரம் இலையை விரித்தார். காற்று அதைத் தூக்கிப் போட்டது. மறுபடி விரித்துச் சோற்றை வைத்தார். இலை நுனி எழும்பிப் பருக்கையைச் சிதறடித்தது. "மகனுக்கு அப்பன் எலை போடறான், அதையும் உடமாட்டேங்குது" என்றவர், எழுந்து வந்து என் கையிலிருந்த தகரத்தை வாங்கிக்கொண்டார். இலைக்கு மேற்கே நிறுத்தி, இரண்டு கல்லை அணைகொடுத்தார்.

பனைகள் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தன. அவருடைய வேட்டி படபடத்தது. தகரத்துக்கு இந்தப் பக்கம் இலை அசையவில்லை. சோற்றிலிருந்து எழுந்த ஆவி நேராக மேலே போயிற்று.

"பாருங்க சாமி" என்றார் பெரியவர். "துளிக் காத்து போகலீங்க."