எதிர் குவார்ட்டர்ஸ்காரரின் மெஷின்

எதிர் குவார்ட்டர்ஸ்காரர் பேசும்போதும் பல்லிடுக்கில் ஒரு திருகாணி இருக்கும். நாங்கள் இருவரும் ஆர்டுயினோ என்கிற சின்ன கன்ட்ரோல் போர்டை வைத்து, பலகையில் எழுத்தைத் தானாகச் செதுக்கும் சிஎன்சி மெஷினை அவரவர் வீட்டில் செய்துகொண்டிருந்தோம். என் மெஷினின் முதல் வேலை எங்கள் வாசல் பெயர்ப்பலகை என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். நான் பக்கத்துச் சுரங்கத்தின் தூசி புகாமல் மூடி செய்துகொண்டிருக்கும்போதே அவருடையது ஓட ஆரம்பித்துவிட்டது. பழைய பிரிண்டர் மோட்டார், மேஜை டிராயரின் சட்டம். ஒரு பக்கம் சாய்வு வேறு.

"மட்டம் பாக்கலீங்களா?" என்றேன்.

"ஓட்டிகினே சரி பண்ணிக்கலாம் சார். நீங்க இன்னும் முகூர்த்தம் பாத்துகினு இருக்கீங்களா?"

மறுநாள் என் மனைவி பலகையோடு அவரிடம் போனாள். பெயர் சற்றுக் கோணலாக வந்தது. அவரே வந்து வாசலில் மாட்டினார்.

"உங்க மெஷின்ல செஞ்சதா சார்?" என்று வருகிறவர்கள் எல்லாம் ஆசையாகக் கேட்கிறார்கள். எதிர் வீட்டைக் கைகாட்டுகிறேன்.