ரெண்டு அரை, பீச் ரிட்டர்ன்

தாம்பரத்துப் பக்கத்து ஆட்களிடம் “பீச் எங்கே?” என்று கேட்டுப் பாருங்கள். கிழக்கே கை காட்ட மாட்டார்கள். “எட்டு நாப்பதுக்கு ஒண்ணு இருக்கு, அத விட்டா எட்டு அம்பது” என்பார்கள். எங்களுக்குப் பீச் என்பது ரயில் போய் நிற்கிற கடைசி இடம். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் இருக்கக்கூடும் என்று யாரும் யோசிப்பதில்லை. பதினோரு வயதில் நானும் பவானியும் யோசித்தோம். யோசித்ததோடு நிற்காமல் ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டோம்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தவர்கள் பவானி வீட்டார். அவள், அவள் அப்பா, அம்மா என்று மூன்றே பேர். சத்தத்துக்கு மட்டும் பத்துப் பேர். சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் அப்பாவின் பைக் வந்து நிற்கும். ஏழேகாலுக்கு மேலே முதல் பாத்திரம் விழும். உடனே எங்கள் அம்மா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டுவாள். அந்த நேரத்துத் தொடர் அம்மாவுக்கு அவ்வளவு பிடிக்கும் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் முற்றினால் பவானி கணக்கு நோட்டோடு இறங்கி வருவாள்.

“இன்னிக்கு என்னடி?”

“தெரியல. ரசத்துல உப்பு இல்லன்னு ஆரம்பிச்சாங்க. இப்ப கல்யாணத்துக்கே போய் நிக்கிறாங்க” என்பாள்.

வீட்டு வாசலை ஒட்டி அப்பாவுக்கு ஒரு பெயின்ட் கடை இருந்தது. அமாவாசை தவறாமல் பல்லாவரத்து அத்தை ஒரு பாட்டில் கடல் தண்ணீரோடு வந்து, கடையின் மூலை முடுக்கெல்லாம் மாவிலையால் தெளித்துவிட்டுப் போவாள். கண்ணேறு, பொறாமை, சண்டை, சச்சரவு எல்லாம் வாசலோடு போய்விடுமாம். அப்பா அதை நம்பினாரா என்று தெரியாது. பெயின்ட் டப்பாவில் படாமல் பார்த்துக்கொள்வார். ஒரு அமாவாசையன்று பவானி கடைப்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத வீட்டுக்கும் தெளிக்கலாமா ஆன்ட்டி?”

“வீட்டுக்குத்தான்மா மொதல்ல தெளிக்கணும்.”

“எனக்குக் கொஞ்சம் தரீங்களா?”

“அடுத்தவங்க மொண்டது நம்ம வீட்டுக்கு ஆகாது கண்ணு. நம்ம வீட்டு ஆளே போய், நம்ம கையால மொள்ளணும்.”

அத்தை விவரம் தெரிந்து சொன்னாளா, பாட்டிலில் மிச்சமில்லை என்பதால் சொன்னாளா, இன்றுவரை தெரியாது. ஆனால் பவானிக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த சனிக்கிழமைக்கு நாள் குறித்துவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவள் வீட்டுச் சண்டை ஒரு பொருட்டே இல்லை. பெரியவர்கள் துணையில்லாமல் நான் அதுவரை தாண்டாத குரோம்பேட்டையைத் தாண்டப்போகிறோம் என்பதுதான் பொருட்டு. வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்றோம். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு டப்பா எலுமிச்சை சாதத்தோடு பஸ் ஏறித் தாம்பரம் போனோம். வழிநெடுகப் பவானி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சாமி பாட்டு என்று நினைத்தேன். டிக்கெட் கவுன்ட்டரில் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறாள். எம்பி நின்று, ஒரே மூச்சில், “ரெண்டு அரை, பீச் ரிட்டர்ன்!” என்றாள்.

உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “முழுசு யாரு?”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு, தூணருகே ஏழெட்டு மூட்டைகளோடு நின்ற ஒரு குடும்பத்தைக் காட்டி, “அவங்க சீசன்” என்றேன். எந்தக் குடும்பமும் மூட்டை முடிச்சோடு சீசன் டிக்கெட்டில் போகாது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பின்னால் வரிசை நீளமாக இருந்தது. கொடுத்துவிட்டார்.

ஜன்னல் ஓரத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாற்றி மாற்றி உட்கார வேண்டும். மீனம்பாக்கத்தில் விமானம் பார்க்கிற முறை எனக்கு வந்தது, விமானம் வரவில்லை. பார்க் ஸ்டேஷன் வந்தபோது பவானி எழுந்து நின்று ஊஞ்சல், சறுக்குமரம் ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். அடுத்தது கோட்டை. கோட்டையையும் காணோம். ரயில்வேக்காரர்களின் பெயர்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை நாங்கள் அங்கேயே கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

பீச்சில் இறங்கினோம். பலகையில் தமிழிலும் ‘கடற்கரை’ என்றுதான் எழுதியிருந்தது. இங்கிலீஷில் மட்டும் எழுதியிருந்தால் நமக்குத்தான் அர்த்தம் தெரியவில்லை என்று விட்டிருப்போம். வெளியே வந்தால் பெரிய ரோடு, லாரி, பஸ், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு மதில். வாசலில் கூடையில் கொய்யாப்பழம் வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். நாங்கள் அவள் முன்னால் மூன்று தடவை குறுக்கும் நெடுக்கும் போயிருப்போம்.

“இன்னா பாப்பா, இன்னா தேடிகினு கீறீங்க?”

“பீச் எங்க இருக்குக்கா?”

“இதாம்மா பீச்சு. பீச்சுல நின்னுகினே பீச் எங்கன்னு கேக்குற?”

“இல்லக்கா, தண்ணி இருக்குமே.”

“தண்ணியா? தோ, அந்தக் கொழாயாண்ட போ. மூடி தெறந்து புடி, நல்ல தண்ணிதான்.”

பவானி காலி பாட்டிலை ஆட்டிக் காட்டினாள். “உப்புத் தண்ணிக்கா. அலை வருமே, அது.”

அந்த அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தாள். பள்ளிக்கூட உடுப்பு, காலி பாட்டில். பிறகு சிரித்தாள் பாருங்கள், கூடையில் கொய்யா உருண்டது. “அய்ய, கடலக் கேக்குதுங்க புள்ளைங்க! அது அந்த செவுத்துக்கு அந்தாண்ட கீது. ஆர்பர், கப்பலு நிக்கிற எடம். உள்ள வுடமாட்டான்.” சிரிப்பு நின்றதும் குரல் மாறியது. “வூட்ல சொல்லிகினு வந்தீங்களா?”

நாங்கள் தலையாட்டின விதத்திலேயே அவளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். திரும்பிப் போகச் சொல்லிப் பார்த்தாள். பவானி நகரவில்லை. “தண்ணி இல்லாம போகமாட்டேன்” என்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை, அவள் அம்மா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

“ஷோக்கா பேசுறா பாரு” என்று அந்த அம்மா பெருமூச்சு விட்டாள். “இதே டேசன்ல அந்தாண்ட பறக்கும் ரயிலு கீது. ட்ரிப்ளிகேன்ல எறங்கி நேரா நட. கால மட்டும் நனைக்கணும், ஆமா. திரும்பி இங்க வந்து எம் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் தாம்பரம் வண்டி ஏறணும். வரல, நான் போலீசாண்ட போய் சொல்லிப்புடுவேன்.”

பறக்கும் ரயில் பறக்கவில்லை. ஆனால் ஏமாற்றமும் இல்லை. தண்டவாளம் மெல்ல ஏறி மொட்டைமாடி உயரத்துக்குப் போய்விட்டது. ஊரைக் கீழிருந்து பார்த்தால் கடையும் சுவரும்தான். மேலிருந்து பார்த்தால் எல்லாருடைய ரகசியமும் தெரிகிறது. ஒருவர் பனியனோடு நின்று மீசை கத்தரிக்கிறார். ஒரு பெண் மிளகாய் காயப்போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே பாடப் புத்தகம் படிக்கிறாள். ஒரு மாடியில் மாப்பிள்ளை உட்காருகிற சிம்மாசன நாற்காலிகள், சிவப்பு வெல்வெட்டில், இருபதாவது இருக்கும். யாருமில்லாமல் வெயிலில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. “இங்க தினமும் கல்யாணம் போலடி” என்றேன். பவானி பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தாள்.

கடலைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? மணலில் நடக்க நடக்கக் கடல் பின்னால் போய்க்கொண்டே இருந்தது, அதைச் சொல்லலாம். குதிரை, பலூன் சுடுகிற பலகை, வறுத்த மீன், ராட்டினம் எல்லாம் என்னை அங்கங்கே நிறுத்தின. பவானி எதையும் பார்க்கவில்லை. முதல்முறை கடல் பார்க்கிறவள், நிமிர்ந்து தூரத்தைக்கூடப் பார்க்காமல், குழாயடியில் முறைக்கு நிற்பவள் மாதிரி அலைக்கு நின்றாள். முதலில் பிடித்ததில் பாதி மண். கொட்டினாள். அடுத்ததில் ஒரு ஐஸ் குச்சி. கொட்டினாள்.

“எல்லாம் ஒரே தண்ணிதானேடி” என்றேன்.

“சின்ன அலை வேணாம். பெருசா சண்டை போடுறாங்க இல்ல? பெரிய அலைதான் வேணும்.”

பெரிய அலைக்காக முழங்காலுக்கு மேல் இறங்கிவிட்டாள். நான் அவள் ஸ்கர்ட்டின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து நின்றேன். அலை வந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்த நிலையில் கரைக்கு வந்து சேர்ந்தோம். பாட்டில் மட்டும் அவள் தலைக்கு மேலே, நிறைந்து, நேராக நின்றது.

கொய்யாக்கார அம்மாவிடம் முகம் காட்டினோம். எங்களைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்தவள், வண்டி ஏறும்வரை நிறுத்தவில்லை. ஆளுக்கொரு கொய்யாவும் திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள்.

லேடீஸ் பெட்டியில் நல்ல கூட்டம். மாம்பலத்தில் ஏறிய ஒருத்தியின் இடுப்பில் இருந்த குழந்தை அழுதுகொண்டே வந்தது. “தாகம் போல, கொஞ்சம் குடும்மா” என்று அவள் பவானியின் மடியிலிருந்த பாட்டிலை எடுத்துவிட்டாள். நாங்கள் “அய்யோ” என்பதற்குள் குழந்தை ஒரு வாய் குடித்து, பெட்டி முழுக்கத் துப்பி, முன்னைவிடப் பெரிதாக அழுதது. பறித்து வாங்குவதற்குள் பாதி தரையில் போய்விட்டது.

“என்ன கண்றாவிம்மா இது?”

“கடல் தண்ணி” என்றேன்.

அவ்வளவுதான், பெட்டியே எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. ஆளுக்கொரு யோசனை. ஒருத்தி, வாசலிலிருந்து ஆரம்பித்து உள்ளே போக வேண்டும் என்றாள். இன்னொருத்தி, “யார் சொன்னது? உள்ள இருந்து வாசலுக்குத் தள்ளிக்கினு வரணும், அப்பதானே வெளிய போகும்?” என்றாள். மஞ்சள் சேர்க்கலாமா கூடாதா என்று இரண்டு பேர் கட்சி பிரிந்தார்கள். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா மட்டும் கை நிற்காமல் கேட்டாள், “யாருக்கு கண்ணு?”

“எங்க அப்பா அம்மாவுக்கு. தினம் சண்டை போடுறாங்க. இத தெளிச்சா நின்னுடும்” என்றாள் பவானி.

திடீரென்று ரயில் சத்தம் மட்டும் கேட்டது. மஞ்சள் கட்சிக்காரிகள் இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். குழந்தைக்காரி குழந்தையின் வாயைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பேச்சு ஏன் நின்றது என்று எனக்குப் புரியவில்லை. தண்ணீர் குறைந்துவிட்டதால் பலிக்காது என்று நினைக்கிறார்களோ என்று பயந்து, “பாதி போதுமா?” என்று பூக்காரம்மாவிடம் கேட்டேன். அவள் கட்டிய சரத்தில் ஒரு முழம் கிள்ளிப் பவானியின் ஈரத் தலையில் வைத்து, “போதும் கண்ணு, தாராளம்” என்றாள்.

வீட்டு வாசலில் இரண்டு குடும்பமும் நின்றது. ஸ்பெஷல் கிளாஸ் இல்லை என்பது மதியமே தெரிந்துவிட்டதாம். என் அம்மா என் தொடையில் கிள்ளினாள். பவானியின் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவள் அம்மா ஓங்கி ஒன்று வைத்தாள். அவள் அப்பா, “எதுக்குமா போன?” என்றார். பவானி பாட்டிலை நீட்டி, எதற்கென்று சொன்னாள். தெருவே கேட்கிற மாதிரி, தெளிவாகச் சொன்னாள்.

மறுநாள் மாடிப்படியில் அவளைப் பிடித்தேன். “தெளிச்சியா?”

“அப்பாவே தெளிச்சார். நான் சொன்ன எடத்துல எல்லாம். கட்டிலுக்கு அடியில கூட.”

“அம்மா?”

“பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் அப்பா கையில இருந்து வாங்கி அவங்களும் கொஞ்சம் தெளிச்சாங்க.”

பலித்துவிட்டது. அன்றிலிருந்து மாடியில் ஒரு பாத்திரம் விழவில்லை. ஏழு மணிக்கு பைக் வந்து நிற்கும், ஏழேகாலும் சும்மாவே போகும். தட்டில் கரண்டி படுகிற சத்தம்கூடக் கீழே கேட்கிற அளவுக்கு அமைதி. வகுப்பில் என் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. கணக்கு டீச்சரின் கோபத்துக்கு ஒரு பாட்டில் கிடைக்குமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அத்தை சொன்ன சட்டத்தை எடுத்துச் சொல்லி, வழியும் சொல்லிக் கொடுத்தேன்.

முழுப்பரீட்சை முடிந்த வாரம் வாசலில் ஒரு குட்டி வேன் வந்து நின்றது. பவானியும் அவள் அம்மாவும் வேலூரில் அவள் மாமா வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவள் அப்பாவே ஒவ்வொரு பெட்டியாக இறக்கிக் கொடுத்தார். ஒருவருக்கொருவர், “பாத்து, கனம்”, “நீங்க விடுங்க, நான் எடுத்துக்கிறேன்” என்று அவ்வளவு மரியாதை. லீவுக்குத் தையல் மெஷினெல்லாம் எதற்கு என்று தோன்றியது, கேட்கவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது வேறு இருந்தது. ஜன்னலருகே ஓடிப்போய், “ஆன்ட்டி, இப்பல்லாம் உங்க வீட்ல சண்டையே இல்ல பாத்தீங்களா? நாங்க கொண்டாந்த தண்ணிதான்” என்றேன்.

அவள் அம்மா என் மோவாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஆமா கண்ணு. இப்ப சண்டையே இல்ல” என்றாள்.

நன்றி சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று, ஓடிப்போய் ஜன்னல் ஓர பெஞ்சைப் பிடித்து, என் பக்கத்து இடத்தில் பையை வைத்தேன். ஒரு வாரம் வரை அங்கே யாரையும் உட்கார விடவில்லை.