ரத்தக்கார அக்கா

எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக ரத்தம் எடுப்பவரை எல்லோரும் ரத்தக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி குத்தும்போது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று பேச்சுக் கொடுப்பார். ஆள் பதில் சொல்லி முடிப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும். டாக்டரான நான் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. வெட்கக்கேடுதான்.

ஒருநாள் வயிற்றுவலியோடு ஓர் ஒல்லிப்பிச்சான் வந்தார். வலது மணிக்கட்டு தொங்கிப்போய், டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கை போனால் பிழைப்பே போய்விடும் என்று மனைவி அழுதார். ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு எக்கச்சக்கம். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொல்லிக் கடிந்துகொண்டேன். எலும்பும் தோலுமாக நின்றவரிடம் போய்.

அக்கா மாடியேறி வந்தார். அந்த ஆள் பழைய பேட்டரி உடைத்து ஈயம் எடுப்பவராம். ரத்த அணுக்களில் ஈய விஷத்தின் அடையாளமான நீலப் புள்ளிகள் தெரிகின்றனவாம். வைத்தியம் என் வேலை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. ஈயம் உடம்புக்குள் போனால் வயிறு, நரம்பு, கொழுப்பு எதையும் விட்டுவைக்காது.

வேலையை நிறுத்தச் சொல்லி, ஈயத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து கொடுத்தேன். ஈயம் இறங்கியது, கூடவே கொழுப்பும் இறங்கியது. இரண்டே மாதத்தில் இரண்டும் பழையபடி ஏறின. எலும்பில் படிந்த ஈயம் திரும்ப ரத்தத்துக்கு வருகிறது, வேறொன்றுமில்லை என்றேன்.

“அப்ப அவர் வீட்டம்மாவுக்கு ஏன் ஏறியிருக்கு, டாக்டர்?” என்றார் அக்கா. அவராகவே கூப்பிட்டு அந்தம்மாவுக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அவர்கள் வீட்டுக்கே போனார். அந்தம்மா டீப் பாத்திரத்தை இறக்கிய துணியில் பொத்தான் இருந்தது. கணவரின் பழைய வேலைச் சட்டைகளைக் கிழித்து, பிடிதுணி, தட்டு துடைக்கும் துணி, தலையணை உறை என்று ஒன்றையும் வீணாக்காமல் வைத்திருந்தார். அந்தம்மா மனம் நோகக் கூடாதென்று அக்கா டீயை முழுசாகக் குடித்தார். பிறகுதான் அந்தச் சட்டைகளில் ஈயத்தூள் ஒட்டியிருக்கும் விஷயத்தைச் சொல்லி, துணிகளைத் தானே மூட்டை கட்டினார். வீட்டை ஈரத்துணியால் துடைத்து முடிக்கும்வரை கூடவே நின்றார். நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.

மறுபடி மருந்து. ஆறு மாதம் கழித்து வந்தவர் ரத்தம் கொடுக்க உட்காரவில்லை. வலது கையால் அக்காவின் கையைப் பிடித்து இறுக்கினார்.

“வலிக்குது தம்பி, விடுங்க” என்றார் அக்கா. சொன்னாரே தவிர, கையை இழுத்துக்கொள்ளவில்லை.