மாப்பிள்ளையைச் சாகவிட்ட ஹீலர்

பாளையம்பட்டி பேக்கரியில் சாயங்கால வேளைகளில் பல வழக்குகள் எடுக்கப்படும். தீர்ப்பு மட்டும் வராது. ஆன்லைன் சண்டை விளையாட்டில் எந்த ஆளாக ஆடுவது கடினம் என்பது அவற்றில் ஒன்று. எதிரியின் பின்னால் பதுங்கிப்போய்க் குத்தும் அசாசின்தான் என்பார் சுந்தரபாண்டி. அவர் ஆடுவது அசாசின். நெருப்பு எறியும் மந்திரவாதிதான் என்பார் ஜெராக்ஸ் கடை கிறிஸ்டோபர். அவர் ஆடுவது மந்திரவாதி. முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்கும் டேங்க்தான் என்பார் செல்போன் கடை ராமசுப்பு. அவர் எதை ஆடுகிறார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அணியின் நான்காவது ஆளை யாரும் கேட்டதில்லை. அவர் ராமசுப்புவின் மனைவி தங்கலட்சுமி. அடிபட்டவர்களுக்கு உயிரேற்றும் ஹீலர். பேக்கரி வாசலில் அவர் நிற்பதில்லை. எனவே அவருக்குக் கருத்தும் இருக்காது என்று மற்ற மூவரும் முடிவு செய்திருந்தார்கள்.

தங்கலட்சுமி திருச்சுழிப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி வந்ததிலிருந்து மத்தியானங்களில் செல்போன் கடையைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. சித்திரை வெயிலில் அந்தக் கடைக்கு ஈயும் வராது. பழுது பார்த்துத் திரும்பிய போன்கள் சரியாக ஓடுகின்றனவா என்று சோதிக்கத்தான் அந்த விளையாட்டைத் தொட்டார். சோதனை வருடக்கணக்கில் நீண்டது. அசாசின் ஆடிப் பார்த்தார். விரல் பழகியதும் வந்துவிட்டது. மந்திரவாதியும் வந்தது. டேங்க் ஆடுவதற்குப் பொறுமை போதும். அது புகுந்த வீட்டிலேயே பழகியிருந்தது. வீட்டாரும் கிறிஸ்டோபரும் சேர்ந்து அணி அமைத்தபோது ஹீலர் இடத்துக்கு யாரும் வரவில்லை. ஜெயித்தால் குத்தியவர் பெயர் வரும், தோற்றால் ஹீலர் பெயர் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இடம் அவருக்கு வந்தது.

ஹீலரிடம் இருப்பது ஒரு குடம் தண்ணீர் மாதிரி. ஊற்றினால் தீரும்; மறுபடி மெதுவாகத்தான் ஊறும். நான்கு செடி வாடும்போது எதற்கு ஊற்றுவது என்பதுதான் கேள்வி. கரிசல் காட்டில் பிறந்தவருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சிக்கல் வேறு. செடிகளில் ஒன்று வீட்டு மாப்பிள்ளை.

சுந்தரபாண்டி, ராமசுப்புவின் தங்கை நாகஜோதியைக் கட்டியவர். பதுங்கிப் போக வேண்டிய அசாசினை ஊர்வலம் போவதுபோல் ஆடுவார். யாருக்கும் சொல்லாமல் எதிரிக் கூட்டத்தின் நடுவே தனியாகக் குதித்துவிட்டு, “தங்கச்சி, உசுரு! உசுரு!” என்று தங்கலட்சுமியைப் பார்த்துக் கத்துவார். ஒருநாள் பயிற்சி ஆட்டத்தில் தங்கலட்சுமி அவரை விட்டுவிட்டு டேங்கைக் காப்பாற்றினார். அணி ஜெயித்தது. மாப்பிள்ளை போனை வைத்துவிட்டுத் தன் ஊருக்குப் பஸ் பிடித்தார். அதன்பின் வந்த அம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்கும் தலைகாட்டவில்லை. ஆட்டுக்கறி அடுப்பில் கொதிக்க, நாகஜோதி தனியாக வந்து இறங்கினார்.

மாமியார் ஒச்சம்மாள் மருமகளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“வெளையாட்டோ வெனையோ, வீட்டு மாப்பிள்ளைய சாக விட்டுட்டு அடுத்தவனுக்கு உசுரு குடுப்பியாத்தா?”

“அடுத்தவன் இல்லத்தே, ஒங்க மகன்தான்.”

“அவன் கெடக்கான். அவன் செத்தா வீட்டுலயே கெடப்பான். மாப்ள செத்தா கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிருவாக.”

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க அந்த வீட்டில் யாராலும் முடியவில்லை. அன்றிலிருந்து விளையாட்டிலும் பந்தி முறைதான்: முதல் உயிர் மாப்பிள்ளைக்கு. அதைக் கேட்டு அவரும் அணிக்குத் திரும்பினார். மழை ஏமாற்றினால் பொறுத்துக்கொள்ளும் ஊர், மாப்பிள்ளை இலையில் கறி குறைந்தால் பொறுக்காது.

பலன், விருதுநகர்ப் போட்டியில் முதல் சுற்றிலேயே தெரிந்தது. குடத்துத் தண்ணீர் முழுவதும் சுந்தரபாண்டிக்கே போனது. ராமசுப்பு காய்ந்து விழுந்தார். பின்னாலேயே அணியும் விழுந்தது.

“ஹீலரு சரியில்ல மச்சான்,” என்றார் சுந்தரபாண்டி வீட்டுக்கு வந்ததும். “பேசாம நம்ம கூட்டாளி மருதுபாண்டியப் போட்ருவோம்.”

“அருப்புக்கோட்டைப் போட்டி ஒண்ணு பாப்போம் மாப்ள. அதுலயும் தோத்தா ஒங்க இஷ்டம்,” என்றார் ராமசுப்பு.

மனைவியை வைத்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். தங்கலட்சுமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் கண்ணீருக்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது இந்த ஓர் இடம்தான். மற்ற இடங்களெல்லாம் மருமகளுக்கு உரியவை.

அருப்புக்கோட்டைப் போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. மணமக்கள் உட்காரும் மேடையில் அணிக்கு நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. பின்னால் பெரிய திரை. ஆடுகிறவர்கள் பேசிக்கொள்வது மண்டபத்துக்கே கேட்கும்படி ஒலிபெருக்கி. முன்வரிசையில் ஒச்சம்மாளும் நாகஜோதியும், கல்யாணத்துக்கு வந்தவர்கள் போலவே பட்டுச் சேலையில்.

எல்லாச் சுற்றும் தாண்டி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். எதிரே சிவகாசிக் கல்லூரி மாணவர்கள். அணிக்கொரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதுதான் முடிவு. செத்தவர் மறுபடி எழ முடியாது. எல்லோரும் விழுந்த அணி தோற்ற அணி.

திரையில், கோட்டை வாசலில் ராமசுப்பு கேடயத்தோடு நின்று அடி வாங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் கிறிஸ்டோபர். சுந்தரபாண்டி வழக்கம்போல் எதிரிகள் நடுவே குதித்தார்.

“தங்கச்சி, உசுரு!”

தங்கலட்சுமியிடம் ஒருவருக்கு ஊற்றத்தான் மிச்சமிருந்தது. ராமசுப்புவின் உயிரைக் காட்டும் பச்சைக் கோடு நூலாக இளைத்திருந்தது. முன்வரிசையில் மாமியார். விரலுக்குத் தெரிந்துதான் இருந்தது. முகதாட்சண்யம்தான் குறுக்கே நின்றது.

“முடியாதுண்ணே.”

“என்னது?”

“நீங்க செத்துருங்கண்ணே. அவுகளுக்கு வேணும்.”

மரியாதைப் பன்மையில் சொல்லப்பட்ட மரண தண்டனை ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒச்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை விழுந்தார். ராமசுப்புவின் கோடு மறுபடி பச்சையாக ஏறியது.

“ஏலே ராமசுப்பு, நகராத! ஒன் முதுகுதான்லே எனக்குச் சொவரு!” கிறிஸ்டோபர் நெருப்பை எறிந்துகொண்டே இருந்தார். எதிரிகள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள்.

செத்தவருக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலையில்லை. சுந்தரபாண்டி முதல்முறையாகக் களம் முழுவதையும் பார்த்தார். யாருக்கு எப்போது ஊற்றுவது, யாரைக் காக்க வைப்பது என்று தங்கச்சியின் விரல் போவதைப் பார்த்தார். கோபப்பட மறந்துவிட்டார்.

“தங்கச்சி! எடது பக்கம் ஒருத்தன் பதுங்கி வாரான்! கிறிஸ்டோபரைக் குத்தத்தான் வாரான்!”

அசாசின் வரும் வழி அசாசினுக்குத் தெரியும். தங்கலட்சுமி அதற்குள் ஊறியிருந்த துளியைக் கிறிஸ்டோபர் மேல் ஊற்றினார். கத்தி இறங்கியது, ஆள் சாகவில்லை. கிறிஸ்டோபர் திரும்பி எறிந்த நெருப்பில் எதிரியின் கடைசி ஆளும் விழுந்தார். அன்று காலை முழுவதும் அணிக்குப் பெரிய உதவி செய்தவர் சுந்தரபாண்டிதான். அதற்கு அவர் சாக வேண்டியிருந்தது.

மண்டபம் விசிலடித்தது. ராமசுப்பு மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். “மாப்ள கோவிச்சுக்கிட்டாகளாத்தா?” என்று ஒச்சம்மாள் மேடையேறி வந்து மருமகள் காதில் கேட்டார்.

“நீங்களே பாருங்கத்தே.”

மாப்பிள்ளை கப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் கப்போடு பேக்கரிக்குப் போனார்கள். இந்தமுறை தங்கலட்சுமியும் வந்தார். மருதுபாண்டியின் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பழைய வழக்கைத்தான் எடுத்தார்கள்.

“இருக்கதுலயே கஷ்டம் ஹீலருதான். நான் ஆரம்பத்துல இருந்தே இதத்தான சொல்லிட்டு இருக்கேன்,” என்றார் சுந்தரபாண்டி.

“ஹீலரு லேசுண்ணே,” என்றார் தங்கலட்சுமி, பன்னைப் பிய்த்துக்கொண்டே. “மாப்ள இருக்க டீமுல ஹீலருதான் கஷ்டம்.”

கிறிஸ்டோபருக்குப் புரையேறியது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாப்பிள்ளைதான். டீ மாஸ்டர் முதல் கிளாஸை வழக்கம்போல் அவரிடம் நீட்டினார். சுந்தரபாண்டி கையை மடக்கிக்கொண்டு, தங்கச்சி பக்கம் தலையை ஆட்டினார்.