மணிக்கூண்டு சாய்ந்த கதை

அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் லோரிங் ஊரில், கோர்ட்டு மணிக்கூண்டு மேற்கே சாய்ந்துவிட்டதாக ஒரு பேச்சு கிளம்பியது. கிளம்பிய இடம் எதிரே இருக்கும் எமெட்டின் காபிக் கடை. ஜன்னலோர மேஜையில் காலை ஆறுக்கே கூடும் ஏழு கிழவர்களும் கண்ணால் கண்ட சாட்சிகள்.

செவ்வாயன்று கவுண்டி எனும் அந்த மாவட்டத்தின் ஆணையர்கள் கூடி, கூண்டை இடிப்பதா என்று முடிவெடுப்பார்கள். கூண்டு போனால் கடிகாரம் போகும்; அதற்குத் திங்கட்கிழமைதோறும் ஏறிச் சாவி கொடுக்கும் துப்புரவுக்காரி வெல்டா க்ரூகரின் வேலையும் போகும். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம்.

"ஏம்மா வெல்டா, உன் கூண்டு என்னிக்கு விழுது? அன்னிக்குக் கடைக்கு லீவு விடணும்," என்றான் எமெட்.

"உன் காபியையே முப்பது வருஷமா தாங்கறேன் எமெட். அது தாங்காதா?"

"சாயலைன்னு காட்டு. ஒரு திங்கக்கிழமை நானே ஏறிச் சாவி குடுக்குறேன்."

திங்களன்று வெல்டா விளக்குமாற்றோடு தொண்ணூற்று நாலு படி ஏறினாள். முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை சொன்னது. 1889-இல், கோர்ட்டு தங்கள் ஊருக்கே வேண்டுமென்று பக்கத்து ஊரிலிருந்து பத்திரப் புத்தகங்களைக் குதிரை வண்டியில் கடத்தி வந்து கட்டிய கோர்ட்டு அது. கூடத்துப் பளிங்குத் தூண்கள் பெயின்ட் அடித்த மரம். உச்சியில் நிற்கும் நீதி தேவதை வெறும் தகரம். வேஷம் போடாதது கல்சுவர் ஒன்றுதான்.

ஒரு வாரம் ஓடிய பிறகு, திங்கட்கிழமை கடிகாரத்தின் எடைக்கல் கம்பியில் தொங்கி அடிமட்டம் வரை இறங்கியிருக்கும். சுவர் நேரா என்று பார்க்க, கொத்தனாரின் தூக்குக்குண்டுக்குப் பதில் அதைவிட என்ன வேண்டும்? மேலே கம்பிக்கும் மேற்குச் சுவருக்கும் உள்ள இடைவெளியை விளக்குமாற்றுக் கட்டையில் சுண்ணக்கட்டியால் குறித்தாள். கீழே இறங்கி வைத்துப் பார்த்தாள். அதே குறி. சுவர் சாயவில்லை.

பிறகு கடைக்குப் போய் அந்த மேஜையில் உட்கார்ந்தாள். கூண்டு சாய்ந்துதான் தெரிந்தது. வாசலுக்கு வந்தாள்; கூண்டு நிமிர்ந்து நின்றது. கட்டையால் தரையிலிருந்து ஜன்னல் சட்டத்தை இரு பக்கமும் அளந்தாள். சட்டம் ஒரு பக்கம் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

"எட்டு வருஷமா ஏழு பேரும் அதுமேல சாஞ்சே உக்காந்திருக்கீங்க," என்றாள். ஏழு பேரும் சட்டத்திலிருந்து முதுகை எடுத்தார்கள்.

மறுநாள் ஆணையர்கள் வந்து ஜன்னலைப் பார்த்து, காபி குடித்து, இடிப்பைக் கைவிட்டார்கள். எமெட் ஜன்னலைச் சரிசெய்தான்.

அடுத்த திங்கள் வெல்டா எமெட்டிடம் சாவியை நீட்டினாள்.

"இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி, வெல்டா."

கடையில் இருந்தது அந்த ஏழு பேர்தான். அதற்கு அடுத்த திங்கள் அவனுக்கு இடுப்புப் பிடிப்பு. அதற்கடுத்தது மழை.

இது ஒன்பதாவது திங்கள். வெல்டா எதிர்க்கடையை ஒரு தடவை பார்த்தாள். சாவியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.